புதுப்பிப்பு: ஆலயத்தில் பிரசங்கம் எதிரொலித்த பிரச்சினை தீர்ந்தது

தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் சேகரத்தின் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளின்) பழைய ஆலயத்தில், பின்வரிசைப் பெரியவர்களுக்குப் பிரசங்கம் புரியவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உயரமான கூரை, சுண்ணாம்புச் சுவர், கல் தளம். முதலில் திரைச்சீலை தொங்கவிட்டோம். மெல்லிய துணி, பெரிய வித்தியாசம் இல்லை. கைகொடுத்தது சவுண்ட் சர்வீஸ் நடத்தும் சகோதரர் சொன்னதுதான்: பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பாக்ஸ்களை நிறுத்திவிட்டு, ஒல்லியான, நீள வாக்கிலான காலம் (column) ஸ்பீக்கர்களைத் தூண்களில் ஆளுயரத்துக்குச் சற்று மேலே, சனங்களைப் பார்த்துச் சாய்த்து மாட்டுவது. சத்தம் கூரைக்குப் போகாமல் காதுக்குப் போகிறது. பாதி வால்யூமே போதும். ஒலி 17 மீட்டர் கடக்க 50 மில்லி விநாடி ஆகும் என்பதால், முன் ஸ்பீக்கரின் சத்தம் பின்னால் தாமதமாக வரும்; பின் தூண் ஸ்பீக்கர்களுக்கும் அதே அளவு தாமதம் (டிலே) வைக்காவிட்டால் ஒரே சொல் இரண்டு தரம் கேட்கும். சவுண்ட் மிக்சர் வாங்கும்போதே அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்பாராதது, பாடகர் குழுவின் வருத்தம். பழைய பாக்ஸில் கீர்த்தனை நிறைவாக இருந்ததாம்! சரி, மைக் இல்லாமல் பாடுங்கள் என்றேன், பாட்டுக்கு நிறைவு தருவதைக் கட்டடத்தின் எதிரொலியே பார்த்துக்கொள்கிறது.

அப்புறம், சத்தத்தை உறிஞ்ச ஆள் குறைவு என்பதால், வாரநாள் ஜெபக்கூட்டத்தில் எதிரொலி இன்னும் எட்டிப்பார்க்கிறது. அன்றைக்கு எல்லோரையும் முன்னால் உட்காரவைத்து நானும் மைக் இல்லாமலே பேசிவிடுகிறேன்.