புதுப்பிப்பு: கோதுமை ரகங்களும் பட்டைக் குழப்பமும்

கோதுமை ரகங்களை டிஎன்ஏ மார்க்கர்களால், அதாவது டிஎன்ஏவில் உள்ள வேறுபாடுகளைக் காட்டும் அடையாளங்களால், ஒப்பிட்டு வருகிறேன். ஆர்ஏபிடி மார்க்கரில் (டிஎன்ஏவின் ஏதேச்சையான இடங்களைப் பெருக்கிப் பார்க்கும் முறை) ஒரே ரகத்தை இரண்டு தடவை ஓட்டினால், ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ பட்டைகள் இரண்டு விதமாக வருகின்றன என்று இங்கே முன்பு எழுதியிருந்தேன். எஸ்எஸ்ஆருக்கு (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்களின் நீளத்தைப் பார்க்கும் மார்க்கர்) மாறச் சொன்னீர்கள். மாறிவிட்டேன், இப்போது பட்டைகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுகின்றன. மனமார்ந்த நன்றி.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது. ஒரு பிரைமருக்கு (டிஎன்ஏவில் ஒட்டி, பெருக்கத்தைத் தொடங்கி வைக்கும் சிறு துண்டு) ஒரே செடியில் மூன்று பட்டைகள். மூன்றையும் குரோமோசோமில் ஒரே இடத்தின் அல்லீல்களாக (மாற்று வடிவங்களாக) எண்ணி, ஒரு மார்க்கர் எவ்வளவு வேறுபாட்டைக் காட்டுகிறது என்று சொல்லும் பிஐசி மதிப்பும் போட்டுவிட்டேன். தவறு. ரொட்டிக் கோதுமையில் ஏ, பி, டி என மூன்று மரபணுத் தொகுதிகள், மொத்தம் 42 குரோமோசோம்கள். சில பிரைமர்கள் மூன்றிலும் ஒட்டிக்கொள்ளும். எது எங்கிருந்து வருகிறது என்று காட்டிக் கொடுத்தவை சைனீஸ் ஸ்பிரிங் என்ற கோதுமை ரகத்தின் நல்லிசோமிக்-டெட்ராசோமிக் வரிசைகள், அதாவது ஒரு குரோமோசோம் ஜோடி அறவே இல்லாமல், அதற்கு ஈடாக இன்னொன்று இரட்டிப்பாக உள்ள செடிகள். 1பி குரோமோசோம் இல்லாத வரிசையில் ஒரு பட்டை மறைந்தால், அது 1பி-யைச் சேர்ந்தது. எவ்வளவு அழகான சோதனை! இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

அப்புறம், டி தொகுதியில் வேறுபாடு குறைவாகத்தான் வருகிறது. டி தொகுதியைத் தந்த ஏஜிலாப்ஸ் டௌஷியை என்ற காட்டுப்புல்லின் வேறுபாட்டில் சிறு பகுதியே, ரொட்டிக் கோதுமை உருவான அந்தப் பழைய இயற்கைக் கலப்பில் சேர்ந்ததால் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். மார்க்கர்களை 21 குரோமோசோம் ஜோடிகளிலும் பரவலாக எடுங்கள், இல்லையென்றால் ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஒரு ரகத்தில் மட்டும், ஒரே இடத்துக்கு இன்னும் இரண்டு அல்லீல்கள் தெரிகின்றன. பல விதைகளைச் சேர்த்து அரைத்த டிஎன்ஏ அது, அதனால் செடிக்குச் செடி வேறுபாடு கலந்திருக்கலாம். அடுத்து தனித்தனிச் செடியாக எடுத்துப் பார்க்கிறேன்.