புதுப்பிப்பு: நெரிசலில் சூடேறிய பழைய கார்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய எங்கள் பழைய பெட்ரோல் கார், வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றால் சூடேறுகிறது, ஆம்பூர் பக்கம் ஹைவேயில் ஓடினால் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் இறங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தேன். ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் சீல்) போயிருக்கும் என்று பலர் பயந்தீர்கள். நல்ல வேளை, அது இல்லை.

ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. காட்பாடி மெக்கானிக் அண்ணன் ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்தார், சுற்றியது. ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேவை மாற்றினார், பலனில்லை. கடைசியில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் சூட்டை அளந்து ஃபேன் ஓட சிக்னல் தரும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால் பின்னெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது! சுத்தம் செய்து புது சென்சார் போட்டாயிற்று.

முந்தைய உரிமையாளர் போர் தண்ணீரே ஊற்றி வந்திருக்கிறார். உள்ளே உப்புப் படிவு. ஃப்ளஷ் செய்து, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றினோம். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் உள்ளே கொதிக்காது, அதையும் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள்.

இப்போது ஏசி போட்டு நின்றாலும் முள் நடுவிலேயே இருக்கிறது. காலையில் வரும் பெல்ட் கிறீச் சத்தம் இன்னும் தீரவில்லை, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.