மறு: கம்போஸ்ட் டீக்கு என்ன சொல் வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்,

கூட்டெருவை, அதாவது கம்போஸ்டை, தண்ணியில ஊற வைச்சுச் செடிக்கு ஊத்துற கம்போஸ்ட் டீக்குத் தமிழில என்ன சொல் வைக்கலாம் எண்ட கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

> கூட்டெருத் தேநீர் எண்டே வைப்பம், கேட்ட உடன விளங்குமே

தம்பி, அதில விளங்குறது தேத்தண்ணி மட்டும்தான். இங்க வெள்ளவத்தையில எங்கட மாடியில கத்தரியும் கொச்சிக்காயும் சாடியில வளர்க்கிற ஒரு அக்காவிட்ட இந்தப் பேரைச் சொன்னன், அவ கேட்ட முதல் கேள்வி கொதிதண்ணி ஊத்துறதோ எண்டு. ஊத்தினா எல்லாம் போச்சு, ஏனெண்டா கூட்டெருவில இருக்கிற பக்டீரியா, பங்கசு எல்லாத்தையும் உயிரோட தண்ணிக்கு எடுக்கிறதுக்குத்தான் இவ்வளவு பாடும். கசாயம் எண்டு வைக்கேலாததுக்கும் இதே காரணம்தான், அதுவும் காய்ச்சுற சாமான்.

செய்யிற விதத்தைப் பாருங்கோ, சொல் அதுக்குள்ளயே கிடக்கு. கொழும்பு பைப் தண்ணியில குளோரின் இருக்கிறதால முதல் நாளே வாயகண்ட வாளியில பிடிச்சுத் திறந்து வைக்கோணும். பத்து லீட்டருக்கு ஒரு லீட்டர் அளவு நல்லா உக்கின கூட்டெருவைத் துணியில பொட்டளியாக் கட்டி உள்ள விட்டு, மீன் தொட்டிக்குப் போடுற காத்துப் பம்பை அடியில வைச்சு 24 இல இருந்து 36 மணித்தியாலம் ஓடவிட்டா, தண்ணி மண்ணிறமாகி மேல மெல்லிய நுரை கட்டி மழை பெஞ்ச மண் மாதிரி மணக்கும். அழுகின நாத்தம் வந்தா காத்துக் காணேல்லை, செடிக்கு ஊத்தாமக் கொட்டிவிடுங்கோ. பம்பை நிப்பாட்டினாக் கொஞ்ச மணித்தியாலத்துக்குள்ள பாவிச்சு முடிக்கோணும், போத்தலில அடைச்சு வைக்கிற சாமான் இல்லை.

ஊற வைக்கிறம், அப்ப கூட்டெரு ஊறல். பம்ப் போட்டது காற்றூட்டிய கூட்டெரு ஊறல். தமிழ்நாட்டு நண்பர் ஊறல் எண்டா அங்க சாராயம்தான் ஞாபகம் வரும் எண்டு எழுதியிருந்தார், உண்மைதான், ஆனா கூட்டெரு முன்னால நிக்கேக்க ஆருக்கும் குழம்பாது.

கரைசல் வேண்டாம். அமிர்தக்கரைசல் எண்டு சாணி, கோமியம், சக்கரை போட்டுச் செய்யிறதுக்கு ஏற்கனவே பேர் இருக்கு. திரவப் பசளை அதைவிட மோசம், 2021 இல இரசாயனப் பசளைத் தடை நேரம் இந்தியாவில இருந்து வந்த நனோ நைதரசனும் திரவப் பசளைதான், கூட்டெருத் தொட்டிக்குக் கீழ வடியிற கறுத்தத் தண்ணியையும் சனம் அப்பிடித்தான் சொல்லுது. அந்தக் கறுத்தத் தண்ணிக்கு கசிநீர் எண்டு தனியாப் பேர் வைச்சே ஆகோணும், ஏனெண்டா அது உக்கி முடியாத குப்பையில இருந்தும் வரும், அதைக் கீரைக்குத் தெளிச்சா வயித்துக்குத்தான் கேடு. ஊறலுக்கே சீனிப்பாணி கூடச் சேர்த்தா, உக்காத எருவில இருக்கிற ஈ.கோலை மாதிரிக் கிருமியும் சேர்ந்து பெருகும். அதால வல்லாரை, சலாது மாதிரிப் பச்சையாத் தின்னுறதுகளுக்கு மேல தெளிக்காமல் அடியில மண்ணுக்கு மட்டும் ஊத்துங்கோ எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்லுறது.

இந்தச் சொல்லுக்கு முன்னம் எழுதின வரைவிலக்கணத்தில "நோய் தீர்க்கும்" எண்டு எழுதியிருக்கிறதையும் தயவுசெய்து எடுத்துவிடுவம். ஆய்வுகளில சிலதில இலைநோய் குறைஞ்சிருக்கு, சிலதில ஒரு வித்தியாசமும் இல்லை. நான் எழுதுறது இது:

கூட்டெரு ஊறல்: உக்கிய கூட்டெருவைக் குளோரின் நீங்கிய நீரில் ஊறவைத்துப் பெறும், நுண்ணுயிர்களும் கரைந்த போசணைகளும் கொண்ட நீர், மண்ணுக்கு ஊற்றவோ இலையில் தெளிக்கவோ பயன்படுவது.

கூட்டெருவை மட்கு உரம் எண்டு சொல்லுற தமிழ்நாட்டு ஆக்களுக்காக "மட்கு ஊறல்" எண்டும் பக்கத்தில போடலாமோ? அங்கத்தைய ஆக்கள் சொல்லுங்கோ.