தைப்பூசத்துக்கு வீடு நிறைய ஆள்: காற்று மெத்தை வாங்கலாமா?

செந்தூல்வாசி:
வணக்கம். நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் மூன்று அறை ஃபிளாட்டில் இருக்கிறோம். ஓர் அறை எங்களுக்கு, ஓர் அறை பிள்ளைகள் இருவருக்கு. மூன்றாவதில் என் தையல் மெஷினும் துணி அலமாரியும் போக ஆள் நிற்கத்தான் இடம். தைப்பூசத்துக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய எட்டு மாதக் குழந்தை எல்லாரும் வருகிறார்கள். இங்கே கொமுட்டர் ரயில் ஏறினால் நேராகப் பத்துமலை முருகன் கோயிலில் இறங்கிவிடலாம், அதனால் எங்கள் வீடுதான் எல்லாருக்கும் தோது.

அம்மாவுக்கு மூட்டுவலி. தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். அதனால் உயரமான காற்று மெத்தை, குவீன் சைஸ், பம்ப் உள்ளேயே இருக்கிற மாதிரி ஒன்று வாங்கி ஹாலில் அம்மாவுக்குப் போடலாம் என்று யோசிக்கிறேன். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதிலேதான் சோபாவும் டிவி கேபினட்டும். 300 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிய வேண்டும், விசேஷம் முடிந்ததும் மடித்து அலமாரி மேல் ஏற்றிவிட வேண்டும். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

தண்ணீர்மலை அக்கா:
தங்கச்சி, மெத்தையை வாங்குங்கள். ஆனால் அம்மாவை அதில் படுக்க வைக்காதீர்கள். உங்கள் கட்டிலை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நீங்களும் வீட்டுக்காரரும் ஹாலுக்கு வந்துவிடுங்கள்.

நான் பினாங்கில் இருக்கிறேன். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கம் என்பதால் பூசத்துக்குப் பூசம் எங்கள் வீட்டிலும் பாய் விரிக்க இடம் இருக்காது, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அந்த உயரமான மெத்தை 46 செ.மீ. வரும், ஏறக்குறைய நாற்காலி உயரம். பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். படுத்தவர் எழுவதற்கு ஓரத்துக்கு நகர்ந்து காலைக் கீழே விடும்போதுதான் தெரியும்: அந்த ஓரம் அமுங்கிக் கீழே போகும், பின்பக்கம் மேலே தூக்கும். முழங்கால் வலிக்காரர்கள் கையை ஊன்றித்தான் எழுவார்கள். ஊன்றிய கையும் உள்ளே போய்விடும். உறவுக்காரர் வீட்டில் ஒரு பாட்டி நடுராத்திரி கழிவறைக்குப் போக எழ முடியாமல், யாரையும் எழுப்பவும் மனம் வராமல், விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் அம்மாவும் வாய்திறந்து சொல்ல மாட்டார்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். எட்டு மாதக் குழந்தையைக் காற்று மெத்தையில் போடவே கூடாது. அப்பா அம்மா நடுவிலும் கூடாது, பகலில் கொஞ்ச நேரம் என்றாலும் கூடாது. குழந்தை குப்புறப் புரண்டால் மெத்தை முகத்தோடு ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டும். பெரியவர் பக்கத்தில் படுத்ததும் மெத்தை சரிந்து குழந்தை அவர் பக்கம் உருளும், சுவர் ஓரமாகப் போட்டால் இடுக்கில் மாட்டும். குழந்தைக்கு அழுத்தமான மெல்லிய மெத்தை, இழுத்துச் செருகிய விரிப்பு, தலையணை இல்லாமல். அது போதும்.

எனக்குத் தோன்றும் ஏற்பாடு: பிள்ளைகள் அறை தம்பி குடும்பத்துக்கு. பிள்ளைகள் பாட்டியோடு உங்கள் கட்டிலில். காற்று மெத்தை உங்களுக்கு.

காஜாங் ரமா வீட்டுக்காரர்:
அக்கா சொன்னதை நானும் வழிமொழிகிறேன். மெத்தையைப் பற்றி மட்டும் கொஞ்சம்.

குவீன் ஒன்று வேண்டாம், சிங்கிள் இரண்டு வாங்குங்கள். குவீனில் உள்ளே ஒரே காற்றறைதான் இருக்கும், ஒருவர் புரண்டால் மற்றவர் எழுந்துவிடுவார். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றது இருக்கும். அடுத்த முறை ஒரே ஒரு விருந்தாளி வந்தால் ஒன்றை மட்டும் எடுக்கலாம். வாங்குவதற்கு முன் ஹாலில் பழைய பேப்பரை 100க்கு 190 செ.மீ. அளவுக்கு இரண்டு இடத்தில் விரித்து, கழிவறைக்கு நடக்க வழி இருக்கிறதா, அறைக்கதவு முழுதாகத் திறக்கிறதா பாருங்கள். ராத்திரி மலைக்குப் போய்விட்டு விடியற்காலையில் திரும்புகிறவர்கள் இருட்டில்தான் நடப்பார்கள்.

புது மெத்தை முதல் சில இரவுகள் தொய்ந்துபோகும். ஓட்டை என்று பயப்பட வேண்டாம், பிவிசி இழுபட்டுப் பழகுகிறது. ஏர்கோன் போட்டாலும் தொய்யும், காற்று குளிர்ந்தால் சுருங்கும். 32 டிகிரியில் ஊதியது 22 டிகிரிக்கு இறங்கினால் மூன்று விழுக்காடு சுருக்கம், முதுகுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால் ஏர்கோனைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு, படுக்கும் முன் ஒரு தடவை காற்றை ஏற்றிக்கொள்ளுங்கள். ஃபிளாட்டில் பம்ப் சத்தம் பக்கத்து வீடு வரை போகும், பத்து மணிக்குள் முடித்துவிடுவது மரியாதை. பம்ப் இல்லாத மெத்தை வாங்கி, வீட்டில் இருக்கும் சைக்கிள் பம்ப்பால் ஊதிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது அழுத்தத்துக்கான பம்ப், மெத்தைக்கு வேண்டியது நூற்றுக்கணக்கான லிட்டர் காற்று. கை ஓய்ந்துவிடும்.

கீழே ஒரு பழைய போர்வையோ ரப்பர் பாயோ போடுங்கள். ஓட்டை விழ டைல்ஸில் கிடக்கும் ஒரு பொடி மணல் போதும். ஓட்டை விழுந்தால் சோப்புத் தண்ணீரை ஸ்பாஞ்சில் தொட்டுத் தடவுங்கள், குமிழி விடும் இடத்தில் பேனாவால் வட்டம் போடுங்கள். மேல்பக்கத்து மெத்மெத்துப் பூச்சின் மேல் பசை நிற்காது. மணல்தாளால் தேய்த்து வழவழப்பான பிளாஸ்டிக் தெரிந்த பிறகு, காற்றை முழுதாக இறக்கி ஒட்டி, மேலே கனமாக ஏதாவது வைத்து ஒரு நாள் விடுங்கள். ஆனால் மெத்தை நடுவில் திடீரென்று மேடு எழும்பினால் உள்ளே இருக்கும் பட்டை பிய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு வைத்தியம் கிடையாது.

ஜெலுத்தோங் எலெக்ட்ரிக்:
ஆன்லைனில் வாங்கினால் பிளக் பாருங்கள். இரண்டு பின் பிளக்கோடு, 110 வோல்ட் பம்ப்போடு சில வரும். நமக்கு மூன்று பின், 230 வோல்ட். சிரிம் (மலேசியத் தரச்சான்று) லேபிள் இல்லாத பம்ப்பை எடுக்க வேண்டாம். காரில் செருகும் 12 வோல்ட் பம்ப் மாடி வீட்டுக்கு உதவாது.

செந்தூல்வாசி:
அக்கா, படித்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "எனக்கு எதுக்கும்மா உங்க கட்டில், நான் சோபாவிலேயே படுத்துக்குறேன்" என்கிறார். விடமாட்டேன். பாட்டியோடு படுக்கலாம் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி, அதைச் சொன்னால் அம்மா மறுக்க முடியாது. சிங்கிள் இரண்டு என்று முடிவு செய்துவிட்டோம்.

பிள்ளைகள் கட்டில் இரண்டு அடுக்கு, சின்னது. தம்பிக்கும் அவன் மனைவிக்கும் தரையில் தோத்தோ (சுருட்டி வைக்கிற மெல்லிய ஸ்பாஞ்ச் மெத்தை) போடப் போகிறேன். போன மழைக்காலத்தில் தோத்தோவின் அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அது எப்படி?

தண்ணீர்மலை அக்கா:
டைல்ஸ் குளிர்ச்சி, உடம்புச் சூடும் வியர்வையும் கீழே இறங்கி அங்கேயே தங்கிவிடும். தோத்தோவுக்கு அடியில் ஒரு மெங்குவாங் பாய் (தாழை ஓலைப் பாய்) போடுங்கள். காலையில் எழுந்ததும் சுருட்டாமல், சுவரில் சாய்த்து ஃபேன் காற்றுப் படும்படி மதியம்வரை நிறுத்துங்கள். அப்புறம் சுருட்டலாம். இடம் மிச்சம் என்று காற்றை உறிஞ்சும் பையில் மாதக்கணக்கில் அமுக்கி வைக்காதீர்கள், ஸ்பாஞ்ச் பழையபடி எழும்பாது.

காற்று மெத்தையையும் துடைத்து நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் பவுடர் தூவித் தளர்வாகச் சுருட்டுங்கள். ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடித்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் வெடிக்கும். பால்கனி வெயிலில் வேண்டாம், அலமாரி மேல்தான் சரி.

ஆர்டரை இப்போதே போட்டுவிடுங்கள். வந்ததும் நன்றாக ஊதி ஓர் இரவு நீங்களே படுத்துப் பாருங்கள். சரியில்லை என்றால் திருப்பி அனுப்ப நாள் இருக்க வேண்டும்.