ஸ்பிளெண்டர் இன்ஜின்: முதலில் போரிங்கா, பெயிண்டா?

ஒட்டன்சத்திரம்2004:

வணக்கம். அப்பா ஓட்டிய ஸ்பிளெண்டர் பிளஸ், 2004 மாடல். மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப் போய்வந்தே தேய்ந்த வண்டி. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வருகிறது, மேடு ஏறும்போது இன்னும் அதிகம். ஆயில் மாற்றினால் மாதம் முடிவதற்குள் அளவுக் குச்சியின் கீழ்க் கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. இன்ஜின் மேல் ஏதோ ஒரு பட்டறையில் அடித்த கறுப்பு பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. உரிந்த இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பொடி பூத்துக் கிடக்கிறது.

ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன் நான், வேலை பார்ப்பது வேறு துறையில். சாக்கெட் செட் இருக்கிறது, மாடியில் தகரக் கொட்டகை இருக்கிறது, அவசரம் எதுவும் இல்லை. போரிங்கை (தேய்ந்த சிலிண்டர் துளையை அறுத்துச் சீராக்கும் வேலை) மட்டும் வெளியே கொடுத்துவிட்டு மற்றதை நானே செய்யலாம் என்று நினைக்கிறேன். முதலில் போரிங் செய்து, இன்ஜினைப் பூட்டி, கடைசியில் முழுசாக ஸ்ப்ரே கேனில் பெயிண்ட் அடித்தால் சரியா? அறுத்த துளைக்கேற்ற ஓவர்சைஸ் (சற்றே பெரிய) பிஸ்டன் போட்டால் இழுவை கூடும் என்கிறார்களே, உண்மையா?

சாவிக்கொத்து:

இந்த வண்டியைத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் கிடையாது. காலையில் விட்டால் மறுநாள் சாயங்காலம் எடுத்துக்கொண்டு போகலாம். நீங்கள் மாடியில் பிரித்து வைத்தால் ஆறு மாதம் சாக்கில் கிடக்கும், ஒரு சர்க்ளிப் (பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சின்ன வளையம்) காணாமல் போகும். என் கருத்து அவ்வளவுதான்.

போரிங்_பட்டறை_கோவை:

சாவிக்கொத்து சொல்வது தப்பில்லை. ஆனாலும் இவருக்கு வண்டி மட்டும் வேண்டும் என்று தோன்றவில்லை, அதைச் செய்யும் வேலையும் வேண்டும். செய்யட்டும்.

தம்பி, பெயிண்டை இப்போதைக்கு ஒதுக்கி வை. இன்ஜின் என்ன சொல்கிறது என்று முதலில் கேள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஒரு மடக்கு நீலப் புகை விட்டுவிட்டு அப்புறம் தெளிந்துவிட்டால், வால்வு சீல் (வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) கெட்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மேடு ஏறும்போது, ஆக்சிலேட்டரை முறுக்கும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் துளை) தேய்ந்த கணக்கு. உனக்கு இரண்டும் இருக்கிற மாதிரி தெரிகிறது. பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) பார்க்கும் வழி ஒன்று உண்டு. ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஸ்பிளெண்டரில் அதை முழுசாக நம்பாதே. இதன் பிளாக் (போர் இருக்கும் சிலிண்டர் பகுதி) கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது; விட்ட ஆயில் ஒரு பக்கமே தேங்கும். சில தடவை கிக்கரை மிதித்து ஆயிலைப் பரவவிட்டு, அப்புறம் பார்.

ஹெட்டையும் பிளாக்கையும் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், கான்ராடை (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) நிமிர்த்திப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்ப்பது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். மேலும் கீழும் துளிகூட ஆடக்கூடாது. ஆடினால் கிராங்கை வெளியே எடுத்து பிரஸ்ஸில் வைக்க வேண்டிவரும்; அது மாடி வேலை அல்ல. ஆடவில்லை, கியரும் சத்தமில்லாமல் விழுகிறது என்றால் கிராங்க் கேஸைப் (இன்ஜினின் கீழ்ப் பெட்டி) பிளக்காதே. நன்றாக இருப்பதைப் பிரித்துப் பார்க்கும் ஆசையில்தான் பாதி இன்ஜின்கள் கெடுகின்றன.

பிரிக்கும்போது ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடு. ஹெட்டின் நான்கு நட்டுகளில் எதன் கீழே செம்பு வாஷர் இருந்தது என்று குறித்துக்கொள். ஸ்டட் துளை வழியாகத்தான் ஹெட்டுக்கு ஆயில் ஏறுகிறது, அந்த வாஷர் இடம் மாறினால் புது பேக்கிங் (இடையில் வைக்கும் கேஸ்கெட்) போட்டும் கசியும். டைமிங் செயினை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடு, இல்லாவிட்டால் உள்ளே நழுவிவிடும்.

பிளாக்கை பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்களில் பாதிப் பேர் பிஸ்டன் வாங்காமல் வருகிறார்கள். பிளாக்கை அளக்கச் சொல். மேலே, நடுவில், கீழே, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். எந்த ஓவர்சைஸ் என்று முடிவானதும் பிஸ்டனை வாங்கி அவர்கள் கையிலேயே கொடு. நல்ல பட்டறைக்காரன் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அறுக்கமாட்டான், பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்ப அறுப்பான். முதல் தடவை என்றால் 0.25 மி.மீ. போதுமானதாக இருக்கலாம். கோடு ஆழமாக விழுந்திருந்தால் 0.50. ஒவ்வொரு படியும் பிளாக்கின் ஆயுளில் ஒரு கழிவு, அதனால் தேவைக்கு மேல் அறுக்கவிடாதே. அறுக்க இடம் தீர்ந்தால் ஸ்லீவ் (உள்ளே புது இரும்பு உருளை) அடிக்க வேண்டியதுதான்.

இழுவைக் கதையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5. அதனால்தான் 97.2 சிசி. 0.50 ஓவர்சைஸ் போட்டால் போர் 50.5, அதாவது 99 சிசியும் சொச்சமும். இரண்டு சிசியில் எந்த மேடும் தாழ்ந்துவிடாது. போரிங் செய்த வண்டி நன்றாக இழுப்பது, போன கம்ப்ரஷன் திரும்பி வந்ததால்.

போரிங் முடிந்து வந்த பிளாக்கை பெட்ரோலில் கழுவினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அறுத்த பிறகு ஹோனிங் கல்லால் தேய்த்து போரில் குறுக்குக் கோடுகள் போடுவார்கள்; கல்லின் துகள் அந்தக் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும்; பெட்ரோல் எண்ணெயைக் கரைக்கும், துகளை எடுக்காது. சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை. துடைத்தவுடன் ஆயில் தடவிவிடு. உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரு ஏறும்.

இன்னொன்று. கிளட்ச் பக்க மூடியைத் திறந்தால் வட்டமான ஸ்பின்னர் ஒன்று இருக்கும். ஆயிலில் வரும் கசடைச் சுழற்றி ஓரத்தில் ஒதுக்குவது அதன் வேலை. எத்தனை தடவை ஆயில் மாற்றினாலும் அந்தக் கசடு வெளியே வராது, திறந்து சுரண்டினால்தான் வரும். மூடியில் உள்ள ஸ்டார் ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடாதே, இம்பேக்ட் டிரைவர் வைத்து ஒரு தட்டு. இருபது வருஷ வண்டியில் அதற்குள் மெழுகு மாதிரி கசடு நிறைந்திருக்கும்.

பெயிண்டைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. புகையாத இன்ஜின் எந்த நிறத்திலும் அழகுதான்.

வண்ணப்பூச்சு_மதுரை:

அண்ணன் அபிப்பிராயம் இல்லை என்று தப்பித்துவிட்டார், ஆனால் கேள்வியின் முக்கியமான பாதி அதில்தான் இருக்கிறது. பூட்டிய இன்ஜின் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். இப்போது உரிகிறதே, அது அப்படி அடித்த பெயிண்ட்தான். ஃபின்களுக்கு (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) நடுவில் எண்ணெய் இருந்திருக்கும், அதன் மேலேயே அடித்திருப்பார்கள்.

என் வரிசை இது: பிரி, கழுவு, பெயிண்ட் அடி, சூட்டில் வை, அதற்கப்புறம்தான் பிளாக்கை போரிங்குக்குக் கொடு. முதலில் பெயிண்ட் என்றால் பலருக்கு விசித்திரமாக இருக்கும். சுரண்டும் தூள், உப்புத்தாள் தூள், பிளாஸ்டிங் மணல் எதுவும் புதிதாக அறுத்த போருக்குள் போகக்கூடாது, அதுதான் காரணம். வேண்டாத தூசியெல்லாம் பழைய போரிலேயே விழட்டும், பட்டறையில் எப்படியும் அறுத்துத் தள்ளப் போகிறார்கள்.

கழுவுவதுதான் வேலையில் முக்கால்வாசி. டீசலும் பிரஷ்ஷும், அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் வெயில். பழைய பெயிண்டுக்கு ரிமூவர் போடுங்கள். யாராவது காஸ்டிக் சோடா என்று சொன்னால் கேட்காதீர்கள், அது பெயிண்டோடு அலுமினியத்தையும் தின்னும். இரும்பு வயர் பிரஷ்ஷும் வேண்டாம், பித்தளை பிரஷ் போதும். வெள்ளைப் பூப்பை உப்புத்தாளால் பளபளப்பான உலோகம் தெரியும்வரை எடுக்க வேண்டும். பேக்கிங் உட்காரும் முகங்களில் மட்டும் உப்புத்தாளும் பிரஷ்ஷும் படக்கூடாது. கடைசியாகத் தின்னர் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. அதற்கப்புறம் வெறும் விரல் பட்டாலும் அந்த இடம் பின்னால் உரியும்.

மறைக்க வேண்டிய இடங்கள்: பேக்கிங் முகம், ஸ்டட் துளைகள், நட்டு வாஷர் உட்காரும் வட்டங்கள், சைலன்சர் பைப் உட்காரும் வாய், இன்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் இடங்கள். வாஷருக்குக் கீழே பெயிண்ட் இருந்தால் சூட்டில் அது நசுங்கி நட்டு தளரும். சட்டத்தோடு சேரும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது. பிளக் துளைக்குப் பழைய பிளக்கையே மாட்டிவிடுங்கள். பேக்கிங் முகத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, விளிம்பில் சின்ன சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால் டேப் தானாக அளவாக அறுந்துவிடும்.

எல்லா இடத்துக்கும் ஒரே பெயிண்ட் சரிவராது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் சூடு தாங்கும் சிலிக்கான் வகை. அதன் கீழே சாதாரண பிரைமர் போடாதீர்கள், சூட்டில் பிரைமர் விட்டுக்கொடுக்கும். டப்பாவில் எந்தப் பிரைமர் சொல்லியிருக்கிறதோ அது, ஒன்றும் சொல்லாவிட்டால் நேரே உலோகத்தின் மேல். ஃபின்களில் முதலில் இடுக்குகளுக்குள் சாய்வாக அடித்து, அப்புறம் விளிம்புகளுக்கு வாருங்கள். மெல்லியதாக இரண்டு மூன்று கோட். தடிமனாக அப்பினால் சூடு வெளியேறுவதற்கு அதுவே போர்வை.

கிராங்க் கேஸுக்கும் பக்க மூடிகளுக்கும் அவ்வளவு சூடு வராது. அங்கே எதிரி பெட்ரோலும் ஆயிலும்தான். சாதாரண ஸ்ப்ரே கேன் பெயிண்ட் மேல் கார்புரேட்டரிலிருந்து நாலு சொட்டு பெட்ரோல் விழுந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எட்ச் பிரைமர் (உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) போட்டு மேலே ஹார்டனர் கலக்கும் 2கே பெயிண்ட் அடியுங்கள். அதன் ஆவி நுரையீரலுக்கு மிகவும் கெட்டது. துணி முகக்கவசம் உதவாது, ரசாயன ஆவிக்கான கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். மாடியில் துணி காயப்போடுகிறவர்களையும் பிள்ளைகளையும் கீழே அனுப்பிவிடுங்கள். மழை நாளில் அடிக்க வேண்டாம், ஈரத்தில் மேலே வெள்ளை படியும்.

ஒட்டன்சத்திரம்2004:

இரண்டு பேருக்கும் நன்றி. சூடு தாங்கும் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தேன். சுமார் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்கிறது. இல்லாவிட்டால் இன்ஜினைப் பூட்டி, வண்டியை நிறுத்திவைத்தே ஐடிலில் (ஆக்சிலேட்டர் முறுக்காமல்) ஓடவிட்டு ஆறவிட்டு, மறுபடி ஓடவிட்டுப் பதப்படுத்தலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். அது சுலபமாகத் தெரிகிறது. செய்யலாமா?

போரிங்_பட்டறை_கோவை:

வேண்டவே வேண்டாம். இப்போது எனக்கு அபிப்பிராயம் வந்துவிட்டது.

புது ரிங் போரோடு ஒட்டிப் பழக வேண்டும் என்றால் அதற்குப் பின்னால் காற்றின் அழுத்தம் வேண்டும், அழுத்தம் வேண்டுமென்றால் இன்ஜின் கொஞ்சம் பாரம் இழுக்க வேண்டும். ஐடிலில் நின்று உறுமினால் ரிங் பழகாது. ஹோனிங் கோடு மட்டும் மழுங்கி, போர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், மறுபடி நீலப் புகை. போதாக்குறைக்கு இது காற்றில் ஆறும் இன்ஜின். நிற்கும்போது காற்று எங்கிருந்து வரும்? பெயிண்ட் பதமாவதற்காக புது போரைப் பலி கொடுக்காதே.

வண்ணப்பூச்சு_மதுரை:

அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். அதோடு, ஐடிலில் ஓடினால் சைலன்சர் வாய் பக்கம் மட்டும்தான் நல்ல சூடு ஏறும். மற்ற ஃபின்கள் 200 டிகிரியைத் தொடாது, பாதி பெயிண்ட் பச்சையாகவே நிற்கும். பழைய இரும்புக் கடையில் ஓடிஜி அடுப்பு (கேக் செய்யும் மின் அடுப்பு) கிடைக்கும். ஒன்றை வாங்கி இதற்கென்றே வையுங்கள். வீட்டில் கேக் செய்யும் அடுப்பில் வைத்தால் வாடை போகாது, சாப்பாட்டுக்கும் ஆகாது. ஹெட்டில் வால்வு, சீல் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு வையுங்கள், ரப்பர் எதுவும் உள்ளே போகக்கூடாது. கிராங்க் கேஸை அடுப்பில் வைக்கும் பேச்சே இல்லை, அதில் பேரிங்கும் ஆயில் சீலும் இருக்கின்றன. ஆறும்வரை அடுப்புக் கதவைத் திறக்காதீர்கள்.

போரிங்_பட்டறை_கோவை:

அடுப்பிலிருந்து வந்ததும் போரிங்குக்குக் கொண்டுபோ. பெயிண்ட் புதுசு, கிளாம்ப் படும் இடத்தில் துணி வைக்கச் சொல். முகம் சுளிப்பான், ஆனாலும் வைப்பான்.

பூட்டும்போது பிஸ்டனில் ஐஎன் எழுத்து கார்புரேட்டர் பக்கம். ரிங்கின் எழுத்துள்ள முகம் மேலே. ரிங்கை பிஸ்டனில் மாட்டுவதற்கு முன் வெறும் போருக்குள் தள்ளி அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பார். வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வரக்கூடாது. புது சர்க்ளிப் போடு, மாட்டும்போது கேஸ் வாயைத் துணியால் அடைத்துக்கொள் (சாவிக்கொத்து சொன்ன சர்க்ளிப் அங்கேதான் காணாமல் போகும்). டைமிங்குக்கு (வால்வும் பிஸ்டனும் சரியான நேரத்தில் அசைவதற்கு) மேக்னட்டில் டி கோடு, கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஓ குறி, இரண்டும் ஒரே சமயத்தில் அதனதன் அடையாளத்தில் நிற்க வேண்டும். பூட்டியதும் கிக்கரை மிதிக்காதே. ஸ்பேனர் வைத்து மேக்னட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று. எங்காவது தட்டினால் நிறுத்து, பலம் போடாதே. கடைசியாக டேப்பெட் (வால்வு) இடைவெளியைச் சரிசெய்.

முதல் ஸ்டார்ட்டில் நீ தடவிய ஆயில் எரிந்து கொஞ்சம் புகையும், பயப்படாதே. உடனே ரோட்டுக்குக் கொண்டுபோ. முறுக்கு, விடு, மறுபடி முறுக்கு. ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டாதே, மூட்டையும் ஏற்றாதே. 300, 400 கிலோமீட்டரில் ஆயிலை மாற்று. வடிகிற ஆயிலில் மினுமினு என்று தூள் தெரிந்தால் அது புது ரிங்கின் தேய்மானம்தான்.

சாவிக்கொத்து:

இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் நானும் ஒன்று சொல்கிறேன். கேஸில் குத்தியிருக்கும் இன்ஜின் நம்பர் மேல் உப்புத்தாள் வைக்காதீர்கள், பெயிண்டை அப்பி மூடவும் வேண்டாம். 15 வருஷம் தாண்டிய வண்டி, ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது ஆர்டிஓ ஆபீஸில் நம்பரைப் பார்ப்பார்கள். தேய்த்த மாதிரி தெரிந்தால் திருட்டு வண்டியா என்று கேட்பார்கள். அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். அப்புறம், கொட்டகையில் டீசலில் கழுவுகிற அன்றைக்கு ஹீட் கன், அடுப்பு எதையும் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

ஒட்டன்சத்திரம்2004:

நம்பர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. இன்று ஹெட்டும் பிளாக்கும் இறங்கிவிட்டன. கான்ராட் மேலும் கீழும் ஆடவில்லை. போரில் கீழ்ப்பக்கம் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு இரண்டு கோடுகள் இருக்கின்றன, அதனால் 0.50 ஆகும் என்று நினைக்கிறேன். ஸ்பின்னரை நாளைக்குத் திறக்கிறேன். மதுரை நண்பரே, பக்க மூடிகளுக்குக் கறுப்பு வேண்டாம், பழைய வெள்ளி நிறமே போட நினைக்கிறேன். 2கேயில் அந்த நிறம் கலந்து தருவார்களா?

வண்ணப்பூச்சு_மதுரை:

தருவார்கள். மூடியின் உள்பக்கம் பழைய பெயிண்ட் வெயில் படாமல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கடையில் காட்டுங்கள். வெள்ளி மேல் கிளியர் கோட் கட்டாயம். இல்லாவிட்டால் பூட்ஸ் உரசும் இடத்தில் முதலில் கறுக்கும்.