12 நாள் கன்றுக்குக் கழிச்சல்: உப்பு-சர்க்கரைத் தண்ணீர் போதுமா, டிரிப் ஏற்ற வேண்டுமா?

கொட்டகை12:
ஜெர்சி கலப்பினக் கிடாரிக் கன்று, பிறந்து 12 நாள், எடை 32 கிலோ. நேற்று மதியத்திலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் போலக் கழிகிறது. உடல் சூடு 101.8. எழுந்து நிற்கிறது, ஆனால் பாலைப் பாதியில் விட்டுவிடுகிறது. கண் உள்ளே போயிருக்கிறது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் படிய 4 நொடி ஆகிறது. டாக்டர் மாலையில்தான் வர முடியும் என்கிறார். பாலை நிறுத்திவிட்டு உப்பு-சர்க்கரைத் தண்ணீர் அல்லது அரிசிக் கஞ்சி கொடுக்கச் சொல்கிறார்கள். கையில் மெடிக்கலில் வாங்கிய ஓஆர்எஸ் பொட்டலம் நாலு இருக்கிறது. எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

பால்மடி:
தம்பி, பாலை நிறுத்தாதீங்க. சர்க்கரையும் கஞ்சியும் வேண்டவே வேண்டாம். குழந்தைக்குக் கேட்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கன்றுக்குக் கேட்காது. சர்க்கரையை உடைக்கும் நொதி கன்றின் குடலில் கிடையாது. உடையாத சர்க்கரை குடலிலேயே தங்கி, உடம்பிலிருக்கும் தண்ணீரையும் உள்ளே இழுக்கும், கழிச்சல் கூடும். வெல்லம், கருப்பட்டிக்கும் இதே கதைதான். இந்த வயசில் மாவுச்சத்தும் சரியாகச் செரிக்காது, அதனால் கஞ்சியும் ஆகாது. உப்பை உறிஞ்ச வைப்பது குளுக்கோஸ்தான். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே குடல் சுவரைக் கடக்கும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும்.

உங்கள் பொட்டலத்தில் குளுக்கோஸ்தான் இருக்கிறது, அதனால் உதவும். ஆனால் அது மனிதர் அளவு. ஒரு லிட்டரில் சோடியம் 75 மில்லிமோல்தான் வரும், கன்றுக்கு 90 முதல் 130 வரை வேண்டும். ரத்தத்தில் ஏறிய அமிலத்தைத் தணிக்கும் காரமும் அதில் குறைவு. ஒரு லிட்டருக்கு 2.5 கிராம் ஆப்ப சோடா, அதாவது தலை தட்டிய அரை டீஸ்பூன், சேர்த்தால் சோடியம் 105 ஆகிவிடும், காரமும் கூடும். பேக்கிங் பவுடரும் சலவை சோடாவும் வேறு, அவற்றைப் போடாதீங்க. பொட்டலம் 1 லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று பார்த்துக் கரையுங்க. கெட்டியாகக் கரைத்தால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரை போகும். பழச்சுவை டப்பா பானங்கள் இதற்கு ஆகாது.

அளவு: கண்ணுக்கும் உள்மூலை இமைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து 1.7ஆல் பெருக்கினால் நீரிழப்பு சதவீதம் கிடைக்கும். உங்கள் கன்றுக்கு 4 முதல் 5 மி.மீ. இருக்கலாம், அப்படியானால் சுமார் 8 சதவீதம். 32 கிலோவில் 8 சதவீதம் என்றால் இரண்டரை லிட்டருக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது. இன்றைக்குக் கழிகிறதையும் சேர்த்துக் கரைசல் மட்டும் சுமார் 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்க. வேளைக்கு ஒண்ணே கால் லிட்டர், மூன்று வேளை, கை பொறுக்கும் வெதுவெதுப்பில். பாலை வழக்கம்போல 3 லிட்டர் பிரித்துக் கொடுங்க. 4 லிட்டர் கரைசலில் உள்ள சக்தி சுமார் 300 மில்லி பாலுக்குத்தான் சமம், பாலை நிறுத்தினால் கன்று பட்டினிதான். சோடா சேர்ந்த கரைசல் பால் உறைவதைக் கெடுக்கும், அதனால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்க. பாலில் கலக்கவே கூடாது. வெறும் தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

சிரைவழி (கால்நடை மருத்துவர்):
மேலே சொன்னதெல்லாம் சரி. டிரிப் தேவையா என்பதைக் கன்றின் வாய் சொல்லும். சுத்தமான விரலை வாய்க்குள் விடுங்கள். நாக்கைச் சுருட்டி இழுத்துச் சப்பினால் வாய்வழியே போதும். மெல்ல மட்டும் செய்தாலோ, வாய் உள்ளே சில்லென்று இருந்தாலோ, எழுப்பியும் நிற்காவிட்டாலோ மாலை வரை காத்திருக்காதீர்கள், நரம்பில் ஏற்றியாக வேண்டும்.

டிரிப் ஏற்றுவதில் அடிக்கடி நடக்கும் தவறு, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸை மட்டும் ஏற்றி, "குளுக்கோஸ் போட்டாச்சு" என்பது. குளுக்கோஸை உடம்பு எடுத்துக்கொண்டதும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது ரத்த ஓட்டத்தில் நிற்காது, சோடியத்தையும் குறைக்கும். அதிர்ச்சி நிலைக்கு (ரத்த ஓட்டம் தளர்ந்த நிலை) முதலில் ரிங்கர் லாக்டேட் அல்லது நார்மல் சலைன் என்ற உப்புக் கரைசல், மணிக்குக் கிலோவுக்கு 30 மில்லி. 32 கிலோவுக்கு முதல் மணியில் சுமார் 1 லிட்டர். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 320 சொட்டு, எண்ண முடியாது. 500 மில்லி பாட்டில் அரை மணியில் தீருகிறதா என்று பாருங்கள். பாட்டிலை வெந்நீரில் வைத்து 38-39 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்காமல் ஏற்றக் கூடாது.

இரண்டாவது தவறு, ரத்த அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டை இரண்டு ஆம்பூலோடு நிறுத்துவது. ஒரு வாரம் தாண்டிய, எழ முடியாத கன்றுக்குக் காரக் குறைவை (ரத்தத்தில் குறைந்திருக்கும் காரம்) லிட்டருக்கு 20 மில்லிமோல் என்று எடுத்தால், 32 × 20 × 0.6 = 384 மில்லிமோல், அதாவது 32 கிராம். 7.5 சதவீத 10 மில்லி ஆம்பூல் ஒன்றில் இருப்பது 9 மில்லிமோல். இரண்டு ஆம்பூலில் என்ன ஆகும்? நாற்பதுக்கு மேல் வேண்டும். அந்த 430 மில்லியை 2 லிட்டர் டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் 1.3 சதவீதம் வரும், நாலு மணி நேரத்தில் ஏற்றலாம். டெக்ஸ்ட்ரோஸுக்கு உண்மையான வேலை இங்கேதான். ரிங்கர் லாக்டேட்டில் மட்டும் பைகார்பனேட்டைக் கலக்காதீர்கள், அதிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து பாட்டில் கலங்கும்.

நாடி மந்தமாகவோ தாறுமாறாகவோ இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று கொள்ளுங்கள், டிரிப்பில் பொட்டாசியம் சேர்க்காதீர்கள். ஈரமான இருமல், மூக்கில் நுரை, வேக மூச்சு வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கொட்டகை12:
நன்றி சார். விரலைச் சப்புகிறது, ஆனால் லேசாகத்தான். குடிக்காவிட்டால் டியூப் விடலாமா? தோலுக்கடியில் சலைன் போடலாமா?

சிரைவழி:
டியூப் வழியாகக் கரைசல் கொடுக்கலாம். பால் கூடாது, அசையூண் இரைப்பையில் (முதல் வயிற்றில்) விழுந்து புளித்துவிடும். கன்றை நிற்கவைத்து, டியூபைக் கழுத்தின் இடப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். மூச்சுக்குழாயோடு சேர்த்து இரண்டு குழாய் கைக்குத் தட்டுப்பட்டால்தான் ஊற்ற வேண்டும். ஒன்றுதான் தட்டுப்பட்டால் உருவிவிடுங்கள். கடைசியில் டியூபை மடக்கிப் பிடித்துக்கொண்டு எடுங்கள், மிச்சம் நுரையீரலுக்குப் போகாது.

தோலுக்கடியில் சலைன் லேசான நீரிழப்புக்குத்தான் சரி. காது, கால் சில்லிட்ட பிறகு தோலில் ரத்த ஓட்டமே இருக்காது, போட்டது போட்ட இடத்திலேயே நிற்கும். முதல் கரைசல் கொடுத்து இரண்டு மணி கழித்தும் சப்பும் வேகம் கூடாவிட்டால் டாக்டருக்கு மறுபடி போன் செய்யுங்கள். சிறுநீர் எப்போது கழித்தது என்பதையும் குறித்து வைத்துச் சொல்லுங்கள்.