பெங்களூரிலிருந்து நட்சத்திரப் படம் எடுக்க: திசை, மாதம், ஃபோகஸ், பனி

எத்தனை கிலோமீட்டர் போனால் பால்வீதி கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தூரத்தைவிடத் திசைதான் முக்கியம். பால்வீதியின் மையம் நமக்கு எப்போதும் தெற்கு வானத்தில்தான். குடிபண்டே பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது. அங்கிருந்து தெற்கே கேமராவைத் திருப்பினால் மொத்த பெங்களூர் வெளிச்சமும் அடிவானத்தில் ஆரஞ்சாக ஏறி நிற்கும். அதே குடிபண்டே, துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டமாகக் கோடு விழும் படத்துக்கு அருமையான இடம். ஆந்திராவின் ஹார்ஸ்லி மலையில் தென்கிழக்கே மதனப்பள்ளி வெளிச்சம் குறுக்கே வரும். மையத்தைப் படமெடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி ஜவ்வாது மலைப் பக்கம் போங்கள். பெங்களூர் முதுகுக்குப் பின்னால் வடமேற்கில் போய்விடும். காவலூர் வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது, அதனால் அந்த வட்டாரத்தில் ஹெட்லைட்டையும் லேசரையும் தேவையில்லாமல் போடாதீர்கள். மலைச்சாலையில் காட்டுக்குள் இறங்குவதானால் வனத்துறையிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாதம் பார்க்க நம் காலண்டரே போதும். மையம் இருப்பது மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவில். மார்கழியில் சூரியன் தனுசில் நிற்பதால் மையம் அதன் பின்னால் மறைந்துவிடும். மார்கழிக் குளிரில் வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று மையத்தைத் தேடிப் போனால் கிடைக்காது. அப்போது திருவாதிரையும் கார்த்திகையும் எடுக்கலாம். மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் விடிகாலை 3 மணியிலிருந்து 5 மணி வரை மையம் தென்கிழக்கில் நன்றாக மேலே வந்திருக்கும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் வைத்துக்கொண்டால் நிலாத் தொல்லை அதிகம் இருக்காது. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் முடித்துவிடுங்கள்.

⁂

மேலே சொன்னதோடு கேமரா விஷயம். கையில் கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸும் கிராப் (சிறிய) சென்சாரும்தான் இருக்கிறது என்றாலும் போகலாம். 18 மி.மீ., லென்ஸ் திறப்பு எஃப் 3.5, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 6400, எக்ஸ்போஷர் 11 வினாடி. இந்த 11 எப்படி வருகிறது என்றால், 300-ஐ 27-ஆல் (18 × கிராப் சென்சாருக்கான 1.5) வகுத்தால் வருவது. பலர் 500-ஐ வகுத்து 18 வினாடி வைப்பார்கள். மொபைலில் சரியாகத் தெரியும், பெரிதாக்கினால் ஒவ்வொரு நட்சத்திரமும் அரிசி மாதிரி நீண்டிருக்கும். வானம் ஒரு வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) நகர்கிறது, இன்றைய சென்சார் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கெட்டுப்போகும் படங்களில் பெரும்பாலானவை ஃபோகஸில்தான் கெடுகின்றன. லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். கேமராத் திரையின் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, சிரியஸையோ வியாழனையோ நடுவில் கொண்டுவந்து, புள்ளி மிகச் சிறியதாகும் வரை மேனுவலில் மெதுவாகத் திருப்பி, அங்கேயே டேப் ஒட்டிவிடுங்கள். குளிர் ஏறினால் ஃபோகஸ் லேசாக நகரும், மணிக்கொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். டிரைபாடில் ஏற்றியதும் லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) அணைத்துவிடுங்கள். ரா ஃபார்மட் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு), ஒயிட் பேலன்ஸ் 4000 கெல்வின். அதே ஃப்ரேமில் 15, 20 படம் எடுத்து, வீட்டில் சீக்வேட்டர் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புள்ளிப் புள்ளியான நாய்ஸ் பெருமளவு அடங்கும்.

கோடு விழும் படத்துக்கு 30 வினாடி வீதம் 120 படம். ஒரு மணி நேரத்தில் கோடு 15 டிகிரி நீளும். நீளமாக வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு 30 வினாடி இருட்டுப் படம் எடுக்கும், கோடு விட்டுவிட்டுத் தெரியும்.

⁂

நண்பரோடு போகிறவர்களுக்கு மட்டும்: இரண்டு டிரைபாடும் பக்கவாட்டில் ஐந்தாறு மீட்டர் தள்ளி, ஒரே வரிசையில் இருக்கட்டும். ஒருவர் முன்னால் போனால் 14 மி.மீ. போன்ற அகலக் கோண லென்ஸ் அவரைப் பிடித்துவிடும். கார் சாவியை அழுத்தாதீர்கள். இண்டிகேட்டர் ஒருமுறை மின்னினாலே இருவரின் படமும் போச்சு. தண்ணீரும் ஜாக்கெட்டும் வந்ததுமே வெளியே எடுத்துவைத்து, கதவு திறந்தால் எரியும் உள்விளக்கையும் அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒருவர் மொபைலைத் திறந்தால் இன்னொருவருக்கும் அது பாழ். டார்ச்சில் சிவப்பு செல்லோஃபேன் இரண்டு மடிப்பு.

ஆளை நிறுத்தி எடுப்பதானால் முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. தரையில் ஒரு வினாடி அடித்தாலே எதிரொளி போதும், மீதி நேரம் அவர் மூச்சைப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும்.

கடைசியாகப் பனி. மலையில் 2 மணிக்கு மேல் லென்ஸின் முன்கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதனால்தான் ஈரம் படிகிறது. துணியால் துடைத்தால் கறை இழுத்துக்கொண்டு போகும், இரண்டே நிமிடத்தில் மறுபடி மூடும். யூஎஸ்பி ஹீட்டர் பட்டையை ஈரம் படிவதற்கு முன்பே, 1 மணிக்கே கட்டிவிடுங்கள். 7 வாட் பட்டைக்கு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒன்றையே பங்குபோட்டால் 3 மணிக்கு, மையம் ஏறிவரும் நேரத்தில், இருவர் லென்ஸும் மங்கிவிடும்.